கடைசியாய் ஓடிவரும் பிள்ளை

தை பிறந்தால் நம் பாடசாலைகளிலே இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலமும் பிறந்துவிடும். மைதானத்திலே வெண்கோடுகள் கீறப்படும்; இல்லங்கள் சோடிக்கப்படும்; பாண்டு வாத்தியம் முழங்கும். மறு வாரம் பத்திரிகைகளிலே படங்கள் வெளிவரும். முதலாமிடம் பெற்றவர் மேடையின் உச்சியிலே நிற்பார். பிரதம விருந்தினர் கேடயம் வழங்குவார். அதிபர் அருகே புன்னகை பூத்திருப்பார். இப்படங்கள் எவற்றிலும் காணப்படாத ஒருவர் உளர். ஆண்டு முழுவதும் மாலை நாலரை மணிக்கு ஊர் வெளியிலே விசிலும் கையுமாய் நின்று, எட்டு வயதும் பத்து வயதுமான பிள்ளைகளுக்கு ஓடவும் எறியவும் பிடிக்கவும் கற்பித்தவரே அவர்.

அவர் இதற்கெனச் சம்பளம் பெறுபவர் அல்லர். வங்கியிலே கடமை புரிபவராயிருக்கலாம், தோட்டஞ் செய்பவராயிருக்கலாம், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞராயிருக்கலாம், ஒரு காலத்திலே பாடசாலை வலைப்பந்தாட்டக் குழுவில் விளையாடி, இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிய ஒரு பெண்மணியாகவும் இருக்கலாம். ஊர் விளையாட்டுக் கழகமோ சனசமூக நிலையமோ கேட்டுக்கொண்டதனால் வந்து நிற்கின்றார். அவரைப் பற்றியும், அவர் கையிலே நாம் ஒப்படைத்திருப்பது எத்தகைய பொருள் என்பதைப் பற்றியும் இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

பயிற்றுநர் இல்லாத விளையாட்டு

நம் பாட்டன்மார் காலத்திலே சிறுவர் விளையாட்டுக்குப் பயிற்றுநர் எவரும் இருந்ததில்லை. தாச்சி மறித்தோரும், கிட்டி அடித்தோரும், பேணிப் பந்து எறிந்தோரும் தாமே தமக்கு ஆசிரியர். காலாலே மண்ணிற் கோடு கீறியவர்களும் அவர்களே. அணி பிரித்தவர்களும் அவர்களே. பிணக்கு நேர்ந்தால் நியாயந் தீர்த்தவர்களும் அவர்களே. பொழுது பட்டுத் தாய் கூப்பிடும்வரை ஆட்டம் நடந்தது.

அந்த ஆட்டங்களிலே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அண்ணனுக்குப் பின்னாலே அழுதுகொண்டு வரும் ஐந்து வயதுத் தம்பியையும் ஆட்டத்திலே சேர்த்துக்கொள்வார்கள். அவன் தட்டுப்பட்டாலும் ஆட்டம் இழப்பதில்லை. அவன் ஓடினாலும் கணக்கில்லை. ஆயினும் அவன் கோட்டுக்குள்ளே நின்றான். 'ஒப்புக்குச் சப்பாணி' என்று நம் மொழி அவனுக்கு ஒரு பெயரே வைத்திருக்கின்றது. அப்பெயரிலே சிறிது கேலி உண்டென்பது மெய்யே. ஆனால் அக்கேலியின் உள்ளே ஓர் அறம் இருக்கின்றது. விளையாடத் தெரியாதவனை வெளியே நிறுத்தாமல், தெரியும் வரை உள்ளே வைத்திருப்பதே அவ்வறம். அடுத்த ஆண்டு அவன் கணக்கில் வருவான். அதற்கடுத்த ஆண்டு அவனே அணி பிரிப்பான்.

இன்று அந்த வெளிகள் குறைந்துவிட்டன. திறந்து கிடந்த வளவுகளைச் சுற்றி மதில்கள் எழுந்துவிட்டன. ஒழுங்கைகளிலே மோட்டார்ச் சைக்கிள்கள் விரைகின்றன. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்திலே வடக்கிலும் கிழக்கிலும் ஊர்கள் இடம்பெயர்ந்தன. விளையாட்டு வெளிகள் பல நெடுங்காலம் மக்கள் செல்லலாகாத இடங்களாய்க் கிடந்தன. மூத்த பிள்ளைகள் இளையவர்க்கு ஆட்டத்தைக் கையளிக்கும் சங்கிலியும் பல ஊர்களிலே அறுந்துபோயிற்று. இவற்றோடு ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும், அதற்கான தனியார் வகுப்புகளும், கையடக்கத் தொலைபேசியும் பிள்ளைகளின் மாலைப் பொழுதைப் பங்கிட்டுக்கொண்டன.

ஆதலினாலே, இன்றைய பிள்ளை விளையாட வேண்டுமாயின் அதற்கு ஒரு நேரசூசி வேண்டும். ஓர் இடம் வேண்டும். நின்று பார்க்க ஒரு பெரியவர் வேண்டும். முன்னர்ப் பிள்ளைகள் தாமே நடத்திய ஆட்சி அப்பெரியவரின் கைக்கு மாறியிருக்கின்றது. அக்கோட்டுக்குள்ளே யார் நிற்பது, யார் வெளியேறுவது என்பதை இனி அவரே தீர்மானிப்பார். ஒப்புக்குச் சப்பாணியை உள்ளே வைத்திருக்கும் அந்தப் பழைய அறம் அவரிடம் இருக்கின்றதா என்பதே நம் கேள்வி.

ஒருவரும் இருபத்தொன்பதின்மரும்

தொண்டராய் வரும் இளைஞர்களுட் பலர் தாம் விளையாடிய காலத்து வேகத்தோடு வருகின்றனர். முப்பது பிள்ளைகளைக் கண்டவுடன் அவர்கள் மனம் இயல்பாகவே ஒன்றைத் தேடுகின்றது: 'இவர்களுள்ளே நாளைய வீரன் யார்?' பெரியவிளானிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பயின்று, 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றி, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் பெற்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விளையாட்டு விழாக்களிலே இலங்கை பெற்ற முதலாவது பொற்பதக்கம் அதுவே. 2024இல் அவர் மறைந்தபோது நம்மவர் அனைவரும் அதனை நினைவுகூர்ந்தோம். அத்தகைய ஒருவரை உருவாக்க வேண்டுமென்ற ஆசை குற்றமன்று.

ஆயினும் எட்டு வயதிலே நாளைய வீரனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுதல் பெரும்பாலும் பிழையாய் முடியும். அவ்வயதிலே வேகமாய் ஓடுபவன், பல வேளைகளில், மற்றவரினும் சில மாதம் முன்னர்ப் பிறந்தவனாயிருப்பான். அல்லது சற்று முன்னதாக வளர்ந்தவனாயிருப்பான். பதினைந்து வயதிலே அவ்வேற்றுமை மறைந்துவிடக் கூடும். அதற்கிடையிலே, 'உனக்கு இது வராது' என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரமாட்டான்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. முத்தையா முரளிதரன் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியிலே மிதவேகப் பந்து வீசும் சிறுவனாகவே தொடங்கினார். பதினான்கு வயதளவிலே, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படியே சுழற்பந்து வீசத் தலைப்பட்டார். 2010இல் காலி மைதானத்திலே 800ஆவது விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் துடுப்பாட்டத்திலிருந்து விடைபெற்றார். மிதவேகப் பந்துவீச்சில் அவர் எவ்வளவு திறமையர் என்பதைக் கொண்டு அவர் கதையைப் பத்து வயதிலே முடித்திருந்தால் நாடு இழந்திருப்பது எவ்வளவு!

ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் வரலாறும் இத்தகையதே. ஆறடிக்கு மிக மேற்பட்ட உயரத்துக்காகப் பள்ளிப் பருவத்திலே கேலிக்கு ஆளானவர் அவர். அவ்வுயரமே வலைப்பந்தாட்டத்திலே நாட்டின் பலமாயிற்று. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலே ஆசிய வெற்றிக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் அவர் இடம்பெற்றார். 2019இல் லிவர்பூல் நகரிலே நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எந்நாட்டு வீராங்கனையினும் அதிகமான கோல்களை இட்டவரும் அவரே. கேலியைப் பொறாது ஒரு சிறுமி விளையாட்டை விட்டு விலகுவதும், நிலைத்து நிற்பதும் பல வேளைகளிலே அருகில் நிற்கும் பெரியவர் ஒருவரின் சொல்லிலே தங்கியிருக்கின்றன.

இனி, முப்பதின்மருள் ஒருவர் பெயர் பெறுகின்றார் என்றே வைத்துக்கொள்வோம். மற்றை இருபத்தொன்பதின்மர் என்ன ஆவர்? அவர்களே நாளை இவ்வூரின் தந்தையர், தாயர், எழுதுவினைஞர், கமக்காரர், ஆசிரியர். ஐம்பது வயதிலும் நடக்கவும் ஓடவும் மனமுள்ளவர்களாய் அவர்கள் இருப்பதும், தோல்வியை முகஞ் சுளியாது ஏற்பவர்களாய் இருப்பதும் அந்த மாலைப் பொழுதுகளிலே கிடைத்த அனுபவத்தைப் பெரிதும் பொறுத்தவை. தொண்டர் பணி செய்வது அந்த ஒருவருக்கு மட்டுமன்று, இருபத்தொன்பதின்மருக்குமே.

மீண்டும் வந்தவர் எத்தனை பேர்?

வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? கேடயத்தைக் கொண்டு அளத்தல் எளிது. ஆனால் அதனினும் பொருத்தமான ஓர் அளவுகோல் உண்டு. இவ்வாண்டு வந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் வருகின்றனர் என்பதே அது.

இதனை ஆராய்ந்தவர்கள் இருக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவிலே பேஸ்போல் என்றோர் ஆட்டம் உண்டு. நம் நாட்டு எல்லே ஆட்டத்துக்கு உறவு முறை சொல்லத்தக்கது. அங்கே அதனைச் சிறுவர்க்குப் பயிற்றுவோரிற் பெரும்பாலோர் பெற்றோரும் ஊரவருமாகிய தொண்டர்களே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளநூலறிஞராகிய சிமித், சிமோல் என்போரும் அவர்தங் குழுவினரும் இத்தொண்டருட் சிலருக்கு, பருவம் தொடங்குமுன் ஒரு குறுகிய வகுப்பு நடத்தினர். ஆட்ட நுணுக்கம் எதுவும் அதிலே கற்பிக்கப்படவில்லை. நன்றாய்ச் செய்ததை உடனே பாராட்டுக, முயற்சியைப் பாராட்டுக, தவறு நேர்ந்தவிடத்து முதலில் ஊக்கம் அளித்துப் பின்னர்த் திருத்துக, தவற்றுக்குத் தண்டியாதே, ஏளனஞ் செய்யாதே. அவர்கள் கற்பித்தவை இவ்வளவே.

அடுத்த பருவம் வந்தது. அவ்வகுப்புக்குச் சென்ற பயிற்றுநரிடம் விளையாடிய பத்து முதற் பன்னிரண்டு வயதுச் சிறுவருள் நூற்றுக்கு 5 பேரே விளையாட்டை விட்டு நீங்கியிருந்தனர். வகுப்புக்குச் செல்லாத பயிற்றுநரிடம் விளையாடியவருள் நூற்றுக்கு 26 பேர் நீங்கிவிட்டனர். 1992இல் இவ்வாய்வு வெளிவந்தது. இதிலே கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. இரு பகுதி அணிகளும் வென்ற ஆட்டங்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. எனவே பிள்ளைகளை நிறுத்தி வைத்தது வெற்றியன்று, விரட்டியதும் தோல்வியன்று. பயிற்றுநரின் வாய்ச்சொல்லே இரண்டையுஞ் செய்தது.

நோர்வே நாட்டவர் இவ்வுண்மையை ஒரு விதியாகவே ஆக்கினர். அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் 1987இல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி ஏற்பாடுகளை வகுத்து, 2007இல் அவற்றைத் திருத்தி வலுப்படுத்தியது. பதினொரு வயதுக்கு முன்னர்ப் பெறுபேற்றுப் பட்டியலும் தரவரிசையும் இல்லை. பதின்மூன்று வயதுக்கு முன்னர்த் தேசிய சாம்பியன் போட்டி இல்லை என்பன அவற்றுட் சில. இவ்வாறு செய்தால் நாட்டிலே வீரர் தோன்றுவரா என்று நம்மவர் கேட்பர். நம் நாட்டின் சனத்தொகையிலே ஏறக்குறையக் காற்பங்கினரே உள்ள அந்நாடு, 2018இல் தென்கொரியாவிலே நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களைப் பெற்று முதலிடத்தில் நின்றது. பனியும் பணமும் பழக்கமும் அதற்குத் துணைக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிறுவரை வரிசைப்படுத்தாமை வீரர் தோன்றுதற்குத் தடையாகவில்லை என்பது இதனாற் புலனாகும்.

மைதானத்திலே செய்யத்தக்கவை

நற்கருத்து மட்டும் போதாது. நாலரை மணிக்கு முப்பது பிள்ளைகள் எதிரே நிற்கும்போது என்ன செய்வது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். புதிதாய் இப்பணிக்கு வரும் இளைஞர்க்கும் மாணவர்க்கும் சிலவற்றை இங்கே சொல்லுதல் பயன்தரும்.

முதலாவது, வரிசை. பல மைதானங்களிலே நான் காண்பது இதுவே: இருபத்துநான்கு பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்பர், பந்து ஒன்று, பயிற்றுநர் ஒருவர். ஒரு பிள்ளையின் முறைக்கு அரை நிமிடம் என்று கொள்வோம். முறை திரும்பிவரப் பன்னிரண்டு நிமிடம் செல்லும். ஒரு மணி நேரத்திலே அப்பிள்ளை பந்தைத் தொடுவது ஐந்தே முறை. எஞ்சிய நேரமெல்லாம் முன்னால் நிற்பவனைக் கிள்ளுவதிலே கழியும். அதே பிள்ளைகளை நால்வர் நால்வராய் ஆறு பிரிவாக்கி, பழைய டெனிஸ் பந்துகள் ஆறினைக் கொடுத்துவிட்டால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பந்து கைக்கு வரும். ஒரு மணி நேரத்திலே முப்பது முறை. செலவு பந்துகளின் விலை மட்டுமே. பயனோ ஆறு மடங்கு.

இரண்டாவது, அளவு. பிள்ளைக்கேற்ற சட்டை தைக்கும் நாம், பிள்ளைக்கேற்ற மைதானம் அமைப்பதில்லை. தோற்பந்துக்குப் பதிலாக மென்பந்து, சிறிய துடுப்பு, தாழ்ந்த வலை, குறுகிய தூரம் என்பன சலுகைகள் அல்ல, கற்பித்தலின் முதற்படிகள். ஐக்கிய அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இல், பத்து வயதினரும் அதற்குக் குறைந்தோரும் பந்தைத் தலையால் முட்டலாகாது என்று விதித்தது. சிறுவரைச் சிறிய பெரியவராய்க் கருதலாகாது என்பதே அவ்விதியின் உட்பொருள்.

மூன்றாவது, வெளியேற்றும் ஆட்டங்கள். தோற்றவன் வெளியே போய் உட்கார வேண்டிய ஆட்டங்களிலே முதலில் வெளியேறுபவன் யார்? பயிற்சி அதிகம் வேண்டியவனே அவன்! வென்றவன் இன்னும் பயின்றுகொண்டிருக்க, தோற்றவன் மர நிழலிலே புல்லுப் பிடுங்கிக்கொண்டிருப்பான். தோற்றவன் மற்றப் பக்கத்திலே சேர்ந்து விளையாடும்படி ஆட்டத்தை மாற்றிவிடலாம். அவ்வாறே, இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆளுக்கொருவராய்த் தெரிவு செய்யச் சொல்வதும் கூடாது. இறுதியிலே ஒரு பிள்ளை மட்டும் தலை குனிந்து நிற்கும் அந்தக் கணத்தைப் பயிற்றுநர் ஒருவரும் வேண்டி உண்டாக்குதல் தகாது. எண் சொல்லிப் பிரித்தால் அரை நிமிடத்திலே அணிகள் அமைந்துவிடும்.

நான்காவது, உடல் நலம். நம் வெயில் பொல்லாதது. பங்குனி, சித்திரை மாதங்களிலே பயிற்சியை வெயில் தாழ்ந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் தண்ணீர் குடித்தல் வேண்டும். கேட்பவர்க்கு மட்டும் கொடுத்தல் போதாது, சிறு பிள்ளைகள் ஆட்ட ஆசையிலே தாகத்தை மறந்துவிடுவர். தலையிடி, மயக்கம், ஓங்காளம் என்பன தோன்றினால் நிழலிற் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீராலே உடலைக் குளிர்வித்தல் வேண்டும். பேச்சுத் தடுமாறினால் அக்கணமே 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்தல் வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் அன்று மீண்டும் ஆட விடலாகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை வேளைகளில் இடிமுழக்கம் மிகுதி. முதல் முழக்கம் கேட்டவுடன் எல்லாரும் கட்டடத்துக்குள்ளே போய்விட வேண்டும். பனையின் கீழோ மரத்தின் கீழோ ஒதுங்கலாகாது. இறுதி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மைதானத்துக்குத் திரும்புதலும் கூடாது.

ஐந்தாவது, நம்பிக்கை. பெற்றோர் தம் பிள்ளையை அயலார் ஒருவரிடம் விடுகின்றனர். அந்நம்பிக்கைக்குப் பழுது வராத ஒழுங்குகளைத் தொண்டர் தாமே விரும்பி ஏற்றுக்கொள்ளுதல் அழகு. பயிற்சி எப்போதும் பலர் காணும் இடத்திலே நடைபெறட்டும். ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துச் செல்லுதல் எக்காரணத்தாலும் வேண்டாம். பாடசாலைகளிலே உடற்றண்டனை கூடாதென்று 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்திருக்கின்றது. ஊர் மைதானத்துக்கும் அதுவே நியாயம். பிரம்பு, காதைத் திருகுதல், தண்டனையாய் மைதானத்தைச் சுற்றி ஓடச் செய்தல் ஆகிய யாவும் நீங்கட்டும். ஓட்டத்தைத் தண்டனை ஆக்கினால் ஓடுவதை வெறுக்கவே பிள்ளை கற்கும். ஐயத்துக்கிடமான எதனையும் பெற்றோரும் பிள்ளைகளும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அவ்விலக்கத்தை மைதானத்துச் சுவரிலே எழுதி வைப்பது நல்ல பயிற்றுநருக்குப் பெருமையேயன்றிக் குறைவன்று.

பெண் பிள்ளைகளின் பங்கு

ஊர் மைதானங்களிலே பத்து வயதுவரை காணப்படும் பெண் பிள்ளைகள் அதன்பின்னர் மெல்ல மெல்ல மறைந்துபோகின்றனர். பருவமடைந்த பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் நின்று நிலவுகின்றது. வேறு பல வீடுகளிலே தடை அவ்வெண்ணமன்று. மைதானத்திலே மலசலகூடம் இல்லை, இருட்டுமுன் வீடு திரும்ப வழியில்லை, பெண் பயிற்றுநர் ஒருவரும் இல்லை என்பனவே தடைகள். எண்ணத்தை மாற்றக் காலம் எடுக்கும். இம்மூன்றினையும் மாற்ற ஒரு கழகக் கூட்டம் போதும்.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்டத்திலே நாடறியப் பெயர் பெற்றவர்கள். அக்கல்லூரியிற் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலிலே தேசிய சாதனை நிலைநாட்டியவர். இவ்விரண்டும் ஒரு காலத்திலே நம் பெண் பிள்ளைகளுக்கு உரியவையல்ல என்று கருதப்பட்டவை. வலைப்பந்தாட்டத்தை நன்கறிந்த தாய்மார் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். வாரத்தில் இரண்டு மாலை அவர்கள் மைதானத்துக்கு வருதற்கு அவர்தங் கணவன்மார் அடுப்படியைப் பார்த்துக்கொள்வார்களாயின், அதுவும் ஒரு விளையாட்டுத் தொண்டே.

பெற்றோர் செய்ய வேண்டியது

கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். அன்பு மிகுதியினாலேயே சிலர் உரத்த குரலிலே ஏவுகின்றனர், மத்தியஸ்தரை ஏசுகின்றனர், தவறவிட்ட பிள்ளையை எல்லார் முன்னும் திட்டுகின்றனர். ஒரே வேளையிலே பயிற்றுநர் ஒன்று சொல்ல, தந்தை மற்றொன்று சொல்ல, பிள்ளை பந்தைப் பார்ப்பதா தந்தையின் முகத்தைப் பார்ப்பதா என்று திகைக்கின்றது.

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "என்ன, வெண்டனியளோ?" என்பது. அதனைச் சற்று மாற்றி, "இண்டைக்கு என்ன விளையாடினனியள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதற் கேள்விக்கு ஒரு சொல்லிலே விடை வரும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல அப்பிள்ளைக்கு இரவுச் சாப்பாடு முடியும்வரை நேரம் வேண்டும்.

'படிப்புக் கெட்டுவிடுமே' என்ற அச்சம் நியாயமற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. கல்வியாலே உயர்ந்த சமூகம் நம்முடையது. ஆனால் உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை இயக்குதல் வேண்டும் என்று கூறியிருக்கின்றது. மருந்து என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒழுங்காய்க் கொடுக்கும் நாம், இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் ஏன் ஆடம்பரமாய் எண்ணுகின்றோம்? வகுப்பறையிலே மாணவரை நாள்தோறும் காண்பவன் என்ற முறையிலே ஒன்று சொல்லுவேன்: மாலையில் ஓடி விளையாடிய பிள்ளை காலையில் விழித்த கண்ணோடு வகுப்பிலே இருக்கின்றது.

தொண்டருக்கு ஊர் செய்யும் கைம்மாறு

அண்மையிலே வலிகாமத்துக் கிராமமொன்றின் மைதானத்திலே வங்கி ஊழியர் ஒருவர் பயிற்சி நடத்துவதைக் கண்டேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வந்த பந்தையெல்லாம் தவறவிட்டுக்கொண்டிருந்தான். மற்றவர் சிரிக்கத் தொடங்கினர். அவ்விளைஞர் ஒன்றும் பேசாது அவனை நான்கு அடி முன்னுக்கு வரச் சொன்னார். பந்தை மாற்றி மெத்தென்ற பந்தொன்றைக் கீழிருந்து மெல்ல எறிந்தார். மூன்றாம் முறை பந்து அவன் கையிலே தங்கிற்று. "அப்பிடித்தான்! இனி ஓரடி பின்னுக்குப் போ" என்றார் அவர். பயிற்சி முடிந்த பின், இவ்வாண்டு உங்கள் பிள்ளைகள் கிண்ணம் வெல்வார்களா என்று கேட்டேன். "கிண்ணம் கிடக்கட்டும் மாஸ்ரர். அவன் வாற வருஷமும் வந்தானெண்டால் காணும்" என்றார். அமெரிக்கப் பேராசிரியர் ஆய்ந்து கண்டதை அவர் அனுபவத்தாலே அறிந்திருந்தார்.

இத்தகையவருக்கு ஊர் என்ன கைம்மாறு செய்கின்றது? பல ஊர்களிலே, 'இவருக்கு இதிலே என்ன வருமானம்?' என்ற ஐயமே முதலில் எழுகின்றது. இரண்டு ஆண்டு தனித்து நின்று களைத்து, மூன்றாம் ஆண்டு அவர் ஒதுங்கிவிட, அல்லது பிழைப்புத் தேடி வேற்றிடம் சென்றுவிட, பிள்ளைகளும் கலைந்துபோகின்றனர். ஒருவரின் தோளிலே முழுச் சுமையையும் ஏற்றாமல் மூவர் முறைவைத்துச் செய்தால் எவரும் களைப்படையார். ஒருவர் பயிற்றட்டும், ஒருவர் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் பார்க்கட்டும், ஒருவர் புல்லுச் செதுக்கிக் கோடு போடட்டும். அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் வீதியிலே புல்லுச் செதுக்கிய தொண்டினைக் குருபூசை நாளிலே போற்றும் நமக்கு, பிள்ளைகள் ஓடும் வெளியிலே நெருஞ்சி முள்ளைப் பிடுங்குவது தாழ்ந்த வேலையாய்த் தோன்றலாகாது.

புலம்பெயர்ந்து வாழும் நம் உறவினர் ஊர்ப் பற்றினாலே மைதானங்களுக்குப் பணம் அனுப்புகின்றனர். மின்விளக்குகளும் பார்வையாளர் மண்டபங்களும் எழுகின்றன. ஆளுயரக் கேடயங்கள் வந்திறங்குகின்றன. அவர்கள் அன்புக்கு நன்றி. கேடயத்துக்குச் செல்லும் பணத்திலே ஒரு பங்கு இருபது மென்பந்துகளுக்கும், ஒரு தண்ணீர்த் தாங்கிக்கும், பெண் பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடத்துக்கும் செல்லுமாயின் நன்றி இரட்டிப்பாகும். நாலரை மணிக்கு வந்து நிற்கும் ஆளை மட்டும் எவரும் வெளிநாட்டிலிருந்து அனுப்ப முடியாது. அவரை ஊரே தர வேண்டும்.

இதனை வாசிக்கும் உயர்தர வகுப்பு மாணவரே, பல்கலைக்கழக மாணவரே! விளையாட்டிலே நீங்கள் வீரராயிருந்தீரா என்று எவரும் கேட்கப்போவதில்லை. வாரத்தில் இரண்டு மாலை, பிள்ளைகள் முன்னே பொறுமையோடு நிற்க முடியுமா என்பதே தகுதி. முடியுமாயின் ஒரு கொப்பியை வாங்கி, முதல் நாளிலே வந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதி வையுங்கள். வென்ற ஆட்டங்களின் கணக்கு அதிலே வேண்டாம். அடுத்த தைமாதம் அதே கொப்பியைத் திறந்து, மீண்டும் வந்தவரின் பெயர்களுக்கு நேரே ஒவ்வொரு அடையாளம் இடுங்கள். அடையாளம் இல்லாத பெயர்கள் சில இருக்கும். அவ்வீடுகளுக்கு ஒரு மாலை நடந்து போய், படலையிலே நின்று, "தம்பியைக் காணேல்லை, நாளைக்கு அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.